அறையைவிடக் குளிர்ந்த தண்ணீர்

பேய், முனி, செய்வினை, கழிப்பு, இவற்றில் ஒன்றையும் நான் நம்பியவனில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் முடிவில் என் வயதைத்தான் கேட்கிறார்கள். எழுபத்துமூன்று. இரண்டு கண்ணுக்கும் சத்திரசிகிச்சை செய்தாயிற்று, பார்வை சுத்தம். குடி இல்லை. நித்திரைக் குளிசை இல்லை. முப்பத்திரண்டு வருடம் வானிலை அவதானியாக வேலை பார்த்தவன் நான். வெப்பமானியைக் கண்மட்டத்தில் பிடித்து, பாகையில் பத்திலொரு பங்கு பிசகாமல் வாசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஊர்ச்சனம் "நாப்பதுக்கு மேலை போகுது" என்று விசிறிக்கொண்டிருக்கும்போது "முப்பத்துநாலு தசம் இரண்டு" என்று சொல்லிப் பகை தேடிக்கொண்ட ஆள். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் குறை ஒன்றுமில்லை, என் சொந்த மகனே நம்பவில்லை.

இது இரவில் நடந்ததுமில்லை. நல்ல உச்சி வெயில், பங்குனி மாதக் கடைசி, வீடு நிறையச் சனம். அன்று என் மனைவி பாக்கியத்தின் அந்தியேட்டி. செத்து முப்பத்தோராம் நாள்.

நாங்கள் அரியாலையில் இருக்கிறோம். மகன் குகனுக்கு முப்பத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை, மற்றவர்களின் கலியாணத்தை வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுகிற வேலை. வயதுக்கு வந்து சாமத்தியப்பட்ட பிள்ளையைத் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழும்பப் பண்ணுவான், மாப்பிள்ளையை ஹெலிகொப்டரிலிருந்து இறக்குவான், வெளிநாட்டிலிருந்து வந்த சனம் அதைப் பார்த்து வாயைப் பிளக்கும். அந்த வேலைக்குக் கணினி மூச்சுமுட்ட ஓடவேண்டும். எங்கள் வீட்டு முன்னறை அஸ்பெஸ்ரஸ் கூரை, வெயில் காலத்தில் பாண் சுடுகிற போறணைதான். கணினி கொதித்துக் கொதித்துத் தானாக நின்றுவிடும். குளிரூட்டி பூட்ட வசதி இல்லாததால் இவன் தண்ணீரால் குளிரப்பண்ணுகிற கணினி ஒன்றைத் தானே கட்டினான். மூளைப்பகுதியின் மேல் ஒரு செப்புக்கட்டி, அதற்குள்ளால் தண்ணீர் ஓடும், சூடான தண்ணீர் கண்ணாடிக் குழாய் போன்ற றப்பர்க் குழாயில் போய் ஒரு ரேடியேற்றருக்குள் நுழையும், மூன்று விசிறிகள் அதை ஊதி ஆற்றும், ஆறிய தண்ணீர் ஒரு ஜாடிக்குள் வந்து, அங்கேயிருந்து சின்ன மோட்டர் ஒன்று அதைத் திரும்பவும் தள்ளும். ரேடியேற்றர் உடைத்துப்போட்ட பழைய கார் ஒன்றினுடையது. யன்னலுக்குக் கீழே ஆணியடித்துக் கொழுவியிருந்தான்.

பக்கத்து வீட்டுக் கந்தையா வேலியால் எட்டிப் பார்த்து, "கார் இல்லாத வீட்டிலை ரேடியேற்றர் மட்டும் ஓடுது, நல்ல முன்னேற்றம்" என்றார். பாக்கியம் அதற்கு மேலே போனாள். "மனிசருக்கு ஒரு விசிறி, பெட்டிக்கு மூண்டு விசிறி. அடுத்த பிறப்பிலை நான் இந்த வீட்டிலை பெட்டியாப் பிறக்கிறன்" என்றாள்.

திரையின் மூலையில் இரண்டு இலக்கம் தெரியும். ஒன்று மூளைப்பகுதியின் சூடு, மற்றது தண்ணீரின் சூடு. குகன் முதலாவதைத்தான் பார்ப்பான். எழுபது என்றால் ஐயோ என்பான், அறுபது என்றால் சிரிப்பான். நான் அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன், அந்த இலக்கம் தனியாக நின்று ஒன்றும் சொல்லாது, தண்ணீரிலிருந்து அறையின் சூட்டைக் கழித்துப் பார் என்று. அறை இருபத்தெட்டாக இருக்கும்போது தண்ணீர் நாற்பது என்றால் யோசிக்கவேண்டும். அறை முப்பத்தைந்தாக இருக்கும்போது அதே நாற்பது நல்ல சுகம். அதற்காகவே என் இரச வெப்பமானியை அந்த அறைச் சுவரில் மாட்டினேன், போகும்போதும் வரும்போதும் பார்த்துக் கழித்துச் சொன்னேன்.

"அப்பா, சும்மா சும்மா வந்து எட்டிப் பாக்காதேங்கோ. அது காய்ச்சல் பிள்ளை இல்லை."

"காய்ச்சல் பிள்ளையெண்டால் கொம்மா பாத்திருப்பா."

உண்மையில் அவளும் பார்த்தாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் என் வெப்பமானியைத் தொடவே விடமாட்டாள், புறங்கையை நெற்றியில் வைத்துச் சொல்லிவிடுவாள். கணினிக்கும் அதே வைத்தியம். தேத்தண்ணீர் கொண்டுபோய் வைக்கும்போது புறங்கையால் குழாயைத் தொட்டு, "சுடுகுது, கொஞ்சம் ஆறவிடு" என்பாள். அவள் சொன்னது சரியா பிழையா என்று நான் திரையில் பார்ப்பேன். பெரும்பாலும் பிழை.

ஒரு விஷயத்தை நீங்கள் விளங்கிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அந்தத் தண்ணீரை ஆற்றுவது அறையின் காற்று. ஆகவே தண்ணீர் எவ்வளவு ஆறினாலும் அறையின் சூட்டுக்கு வரலாம், அதற்குக் கீழே போகமுடியாது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிறதே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்பானை கசியும், கசிந்தது ஆவியாகும், அதனால் குளிரும். இது மூடிய குழாய். ஒரு துளி ஆவியாக வழியில்லை. முப்பத்தைந்து பாகை அறையில் அந்தத் தண்ணீர் முப்பத்துநான்கு காட்டினால், ஒன்று மானி பிழை, அல்லது உலகம் பிழை.

பாக்கியத்துக்குப் புற்றுநோய். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம், கடைசியில் அங்கேயே கிடத்தினோம். முடிவு தெரிந்துவிட்டது. மகள் வாணி கனடாவில். அகதி வழக்கு முடியவில்லை, நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பப் போகமுடியாது. தாயின் சாவுக்கும் வரவில்லை. தொலைபேசியில் செத்தவீடு பார்த்தாள். யாரோ பெடியன் கையில் பிடித்திருந்த தொலைபேசி, அவன் பாதி நேரம் பந்தல் கூரையைத்தான் காட்டினான். வாணி தாயின் முகத்தைப் பார்த்ததைவிடத் தறப்பாளைப் பார்த்ததுதான் கூட. வந்து நின்றவர்களிலோ, அவளுடைய கண்ணீரைப்பற்றிக் கேட்டவர்களைவிட அவளுடைய வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டவர்கள் கூட. நான் எண்ணினேன். மூன்று பேர், பதினொரு பேர்.

சாவதற்கு முதல்நாள் பாக்கியம் குகனைத் தொலைபேசியில் படம் எடுக்கச் சொல்லி வாணிக்காகக் கொஞ்சம் கதைத்திருக்கிறாள். நான் அந்த நேரம் சுடுதண்ணீர்ப் போத்தல் நிரப்பக் கீழே போயிருந்தேன். ஆஸ்பத்திரி வோட்டில் இருட்டு, பக்கத்துக் கட்டில் நோயாளியின் இருமல், விசிறிச் சத்தம், இவளுக்கோ குரல் எழும்பவில்லை. அப்படியே பார்த்தால் ஒன்றும் விளங்காது, சத்தத்தைக் கழுவிப் படத்தையும் தெளிவாக்கவேண்டும், அதற்குக் கணினி ஒவ்வொரு படமாக எடுத்துத் துடைக்கும் என்றான் குகன். பதினொரு நிமிடம், நொடிக்கு இருபத்தைந்து படம், மொத்தம் பதினாறாயிரத்து ஐந்நூறு படம். ஆனால் அவன் செய்யவில்லை. அந்தக் கோப்பைத் திறக்கக் கை வரவில்லை என்றான். கை வராதவனுக்கு மூன்று கலியாண வீடியோவுக்குக் கை வந்தது. அந்தியேட்டிக்கு இரண்டு நாள் இருக்க உட்கார்ந்தான், உட்கார்ந்தால் வெக்கையில் கணினி நின்றது, நின்றால் முதலிலிருந்து.

வாணி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, முப்பத்தோராம் நாள் மத்தியானம் வீட்டில் படைத்து முடியும்வரைக்கும் செத்த ஆத்துமா வீட்டோடுதான் நிற்கும், படையலோடு போய்விடும் என்று. எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன்தானே. அவளுக்கு இருந்தது.

"அப்பா, அம்மா வீட்டிலை நிக்கேக்கை நான் கேக்கவேணும். முகத்தைத்தான் பாக்கேல்லை. அவ போனாப்போலை கேட்டு எனக்கு என்னத்துக்கு? அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, படைக்க முன்னம் போடச் சொல்லி. நான் முழிச்சிருப்பன்."

"அவன் செய்வான் பிள்ளை."

"நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ அப்பா."

அதுதான் அந்த நாளின் கதை. வேறொன்றுமில்லை. படையலுக்கு முன்னம் அது முடியவேண்டும்.

காலையில் கீரிமலைக்குப் போய்ச் சாம்பல் கரைத்துக் கிரியை முடித்து, கேணியில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தோம், வீடு முழுக்கத் தெளிப்பதற்கு. வந்தவுடன் குகன் ஈரவேட்டியோடு கணினியை முடுக்கினான். இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும் என்று காட்டியது. சரியாகப் படையல் நேரம். ஜாடியில் தண்ணீர் குறைந்திருந்தது. அதற்குக் கார் பற்றறிக்கு விடுகிற சுத்தத் தண்ணீர்தான் விடவேண்டும், கிணற்றுத் தண்ணீர் விட்டால் எங்கள் சுண்ணாம்பு அதற்குள் போய் இறுகிவிடும். மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பற்றறித் தண்ணீர் எடுக்க எழும்பினான், அதற்குள் ஐயர் கூப்பிட்டுவிட்டார்.

"அப்பா, நீங்கள் இலக்கத்தைப் பாருங்கோ. மூளை தொண்ணூறைத் தாண்டினால் என்னைக் கூப்பிடுங்கோ. தண்ணியை நான் வந்து விடுறன், நீங்கள் ஒண்டையும் தொடாதேங்கோ."

தொடவில்லை. வாடகைக் கதிரைக்காரன் கணக்குப் பிழையாக இறக்கிவிட்டுப் போனதால் நான் வெளியே போய் எண்ணவேண்டி வந்தது, அறுபது சொன்னதற்கு ஐம்பத்துநான்கு. திரும்பி வருகிறேன், பாக்கியத்தின் தங்கை இராசமணி அறைக்குள் நிற்கிறாள். ஒரு கையில் மாவிலை, மற்றக் கையில் வெறும் போத்தல்.

"எல்லா இடமும் தெளிச்சிட்டன் அத்தான். இதுக்கையும் தண்ணி குறைஞ்சு கிடந்தது, மூடியும் திறந்து கிடந்தது. மிஞ்சினதை விட்டு மூடினனான்."

"எதுக்கை?"

"உந்த ஜாடிக்கை தான்."

"கீரிமலைத் தண்ணியையோ?"

"ஓம், புனிதமான தண்ணிதானே. ஏன் முழுசிறியள்?"

கடலோடு ஒட்டின கேணி. உப்பும் சுண்ணாம்பும். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன், சாவீட்டில் சொல்லக்கூடாத இரண்டு சொல்லும் அதில் இருந்தன. இராசமணி அழத்தொடங்கினாள். "அக்கா இருந்திருந்தால் உப்பிடிக் கதைப்பியளோ" என்றாள். அக்கா இருந்திருந்தால் அந்தியேட்டியே இல்லை என்றேன். மாவிலையை எறிந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

நிற்பாட்டினால் முதலிலிருந்து. நிற்பாட்டாவிட்டால் மோட்டர். நான் நின்று பார்த்தேன். தண்ணீர் பால் கலந்தது போலக் கலங்கி, பிறகு வெள்ளைத் துகள் துகளாகப் பிரிந்தது, துகள்கள் ஜாடிக்குள் சுழன்றன. செப்பில் முன்பே படிந்திருந்த ஏதோவும் கழன்றிருக்கவேண்டும். வேலை பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அறை முப்பத்தைந்து தசம் ஒன்று. தண்ணீர் நாற்பத்துநான்கு. மூளை எழுபத்தொன்று. கழித்துப் பார்த்தால் ஒன்பது, பிழையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு மோட்டர் முனகியது. கல்லுக்குள் அகப்பட்ட அரிசி போல ஒரு சத்தம். நின்றுவிட்டது.

துகள்கள் சுழல்வது நின்று ஜாடிக்குள் அப்படியே தொங்கின. குழாயின் நடுவில் தண்ணீர் ஓடுகிறதா என்று காட்டுகிற சக்கரம்போல ஒரு சின்னச் சில்லு இருக்கிறது, அதுவும் நின்றது. மூளையின் இலக்கம் ஏறத்தொடங்கியது. எழுபத்தெட்டு. எண்பத்தாறு. தண்ணீர் ஓடாவிட்டால் ஒரு நிமிடத்தில் நூறுக்குப் போய்க் கணினி தன்னைத்தானே நிற்பாட்டும், அது எனக்குத் தெரியும். வாசலுக்கு ஓடினேன். கூடத்தில் குகன் வெறும் மேலோடு விரலில் தர்ப்பை மோதிரம் போட்டு ஐயருக்கு முன்னால் இருந்தான், கையில் எள்ளும் தண்ணீரும். நான் கையைக் காட்டினேன். அவன் கண்டான். எழும்பமுடியாது என்று கண்ணால் சொன்னான். ஐயர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பின்னுக்கு வந்தேன்.

தொண்ணூற்றுமூன்று. தொலைபேசி மேசையில் இருந்தது, வாணி ஏற்கெனவே எடுத்துவிட்டாள், இருட்டறையில் அவளுடைய முகம் மட்டும் தெரிந்தது. "அப்பா, முடிஞ்சுதோ?" என்றாள். என்ன சொல்ல? உன் சின்னம்மா புனிதத் தண்ணீர் விட்டுவிட்டா என்றா?

தொண்ணூற்றாறு. அடுத்தது நூறு என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, தொண்ணூற்றொன்று.

நான் பிழையாக வாசித்தேன் என்று நினைத்தேன். எண்பது. அறுபத்தேழு. ஐம்பத்திரண்டு. நாற்பத்துமூன்றில் வந்து நின்றது. பக்கத்தில் தண்ணீரின் இலக்கமும் இறங்கிக்கொண்டிருந்தது, நாற்பது, முப்பத்தாறு, முப்பத்தைந்து, அங்கே நிற்கவேண்டும், நிற்கவில்லை. முப்பது. இருபத்தாறு. இருபத்துமூன்று.

மானி பழுது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். சுவரில் இருந்த இரச வெப்பமானியைக் கழற்றினேன், அறை முப்பத்தைந்து தசம் இரண்டு, வாசித்துவிட்டுக் குமிழைக் குழாயோடு அழுத்திப் பிடித்தேன். இரசத்துக்குக் கணினி தெரியாது, சாவு தெரியாது, படையல் தெரியாது. அது என் கண்முன்னே இறங்கியது. இருபத்துமூன்று தசம் நான்கு. கையை எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். அதே இருபத்துமூன்று தசம் நான்கு.

அப்போதுதான் குழாய் வியர்ப்பதைக் கண்டேன். பிறிச்சிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் வியர்க்குமே, அப்படி. அன்றைய ஈரப்பதனில் இருபத்தைந்துக்குக் கீழே போனால்தான் வியர்க்கும், அது என் தொழில், அதில் எனக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. குழாய் நீளத்துக்கும் பொடித்துளி பூத்திருந்தது. நான் இரசத்தை வைத்த இடம் கீழே, அங்கே ஒரு சின்ன வட்டம் அழிந்திருந்தது. அதற்கு மேலே, செப்புக்கட்டிக்குப் பக்கத்தில், நான் தொடாத ஓரிடத்திலும் துளிகள் அழிந்திருந்தன. நாலு விரல் அகலம். விரல்நுனியால் தொட்டதுபோல நாலு புள்ளியாக இல்லை. புறங்கையை வைத்து எடுத்தது போல ஒரு பரந்த துடைப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கவே அந்த இடத்தில் திரும்பவும் துளி பூத்தது, கொஞ்சத்தால் திரும்பவும் அழிந்தது.

துகள்கள் அசையவில்லை. சில்லு சுற்றவில்லை. மோட்டரில் கையை வைத்தேன், செத்த கட்டை. தண்ணீர் ஓடவேயில்லை. ஓடாத தண்ணீர் குளிர்ந்துகொண்டிருந்தது, ஓடாத தண்ணீரால் அந்தப் பெட்டி தன் பதினாறாயிரத்து ஐந்நூறு படத்தையும் ஒன்றொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தது.

பயந்தேனா என்று கேட்பீர்கள். பயம் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத்தெரியாத கோபம். முப்பத்திரண்டு வருடம் வாசித்த வாசிப்பெல்லாம் என்னத்துக்கு என்று.

இராசமணி வாசலில் வந்து நின்றாள், அழுது வீங்கின முகம். "அத்தான், இலை போட்டாச்சு. ஐயர் கேக்கிறார்" என்றாள். உள்ளே ஒரு அடி வைத்தவள், தோளைச் சீலையால் போர்த்திக்கொண்டு, "இதென்ன, இந்த அறை இப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டு உடனே வெளியே போய்விட்டாள். வெளியே எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

திரையில் முடிந்தது என்று காட்டியது. குகன் தர்ப்பையைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான், கோப்பைக் கூடத்துத் தொலைக்காட்சிக்கு அனுப்பினான், வாணியின் தொலைபேசியைப் பாக்கியத்தின் படத்தோடு சாய்த்து வைத்தான். நாங்கள் எல்லோரும் கூடத்துக்குப் போன பிறகு, படம் தொடங்கி அரை நிமிடம் இருக்காது, முன்னறையில் கணினி டக்கென்று நின்ற சத்தம் எனக்குக் கேட்டது. குகனுக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்தான். இனி நின்றால் என்ன.

பாக்கியம் திரையில் வந்தாள். குரல் அவ்வளவு தெளிவு.

"வாணி, பிள்ளை, நீ வரேல்லையெண்டு அழாதை. வந்திருந்தால் நான் தான் அழுதிருப்பன், உன்ரை வழக்கைக் கெடுத்துப்போட்டு வந்து நிக்கிறாயெண்டு. அங்கை குளிர், தலைக்குச் சுத்திக்கொண்டு போ. குகன், நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஒரு பெட்டையைப் பார், வீடியோவிலை இல்லை, நேரிலை. இராசமணி, அந்தப் பச்சைச் சீலையை நீ எடு, உன்ரை கண் எப்பவும் அதிலை தானே."

சனம் சிரித்துக்கொண்டு அழுதது. இராசமணி வாயைப் பொத்திக்கொண்டாள். வாணி தொலைபேசிக்குள் இருந்து, "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், நேரில் கதைப்பது போல. முடிந்ததும் ஐயர் தீபம் காட்டினார், படைத்தோம். வாணி என்னைக் கூப்பிட்டு, "கேட்டிட்டன் அப்பா, காணும்" என்றாள். அது போதும். அந்தளவில் அந்த நாள் சரி.

சனம் சாப்பிட்டு எழும்பிப் போனபின் குகன் முன்னறைக்குப் போய் மோட்டரைக் கழற்றினான். உள்ளே சில்லு சுண்ணாம்பால் அடைபட்டுக் கல்லாகியிருந்தது.

"இது எப்ப இறுகினது அப்பா?"

"பாதியிலை."

"பாதியிலை இறுகினால் எப்பிடி முடிஞ்சது? கடைசியிலை தான் இறுகியிருக்கும்."

நான் எல்லாம் சொன்னேன். தண்ணீர் இருபத்துமூன்று என்றேன். "சென்சர் பிழைச்சிருக்கும்" என்றான். இரசம் என்றேன். "உங்களுக்குக் கை நடுங்குது அப்பா, இவ்வளவு நாளா நித்திரையுமில்லை" என்றான். காய்ச்சல் பிள்ளையிடம் கதைப்பது போன்ற குரல். என் வாசிப்பைச் சந்தேகித்த முதல் ஆள் அவன்தான். மேலதிகாரிகள்கூடச் சந்தேகித்ததில்லை. நான் அதற்குப் பிறகு அதைப்பற்றி அவனோடு கதைக்கவில்லை. அவனும் தண்ணீர்ச் சாமான்களைக் கழற்றிப்போட்டுச் சாதாரண விசிறி பூட்டிவிட்டான். கொதிக்கிறது, நிற்கிறது, திட்டுகிறான்.

ஆனால் என் மனதில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதினொரு நிமிடத்தில் பாக்கியம் யார் யாரைச் சொன்னாள் என்று எண்ணிப் பார்த்தேன். வாணி, குகன், இராசமணி, இராசமணியின் மருமகள், கந்தையாவின் மனைவி, பால்காரப் பெண், வோட்டில் பக்கத்துக் கட்டில்காரி, வாணியின் தோழி ஒருத்தி, வீட்டுப் பூனை. ஒன்பது. பூனையோடு ஒன்பது. நாற்பத்துநான்கு வருடம் கூட இருந்தவன் அதில் இல்லை.

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது வாய்விட்டுவிட்டேன். குகன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தான்.

"இருந்தது அப்பா. கடைசியிலை. நான் வெட்டிப்போட்டன்."

"ஏன்?"

"சனத்துக்கு முன்னாலை உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமெண்டு. பெரிசா ஒண்டுமில்லை."

பழைய கோப்பைத் தேடி எடுத்துப் போட்டான். கழுவாத படம், இருட்டு, இருமல், விசிறி. குகனின் குரல், "அப்பாவுக்கு என்னம்மா?" என்று கேட்கிறது. பாக்கியம் கொஞ்சம் யோசிக்கிறாள். சிரிக்கிறாள் போலவும் இருக்கிறது.

"அப்பாவுக்கு இப்ப ஒண்டுமில்லை. அவரோடை நான் பிறகு கதைக்கிறன். காணும், நிப்பாட்டு."

நான் சுடுதண்ணீரோடு மேலே வந்தபோது அவள் நித்திரை. எழுப்பவில்லை. விடிய முன்னம் போய்விட்டாள்.

"நீங்கள் கீழை இருந்து வந்தாப்பிறகு கதைக்கிறன் எண்டுதான் அம்மா சொன்னவ" என்றான் குகன். ஓம், அப்படித்தான். வேறெப்படி? அந்த மத்தியானத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் அந்தப் 'பிறகு'வை அதோடு விட்டிருப்பேன்.

இப்போது மத்தியானத்தில் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சரிந்தால் கண் மூடுவதில்லை. தலைமாட்டு மேசையில் ஒரு செம்பில் குடிக்கத் தண்ணீர் வைத்திருப்பேன், கிணற்றுத் தண்ணீர், ஐஸ் போடாதது, காலையிலேயே மொண்டு வைத்தது. பெரும்பாலான நாள் அது அறையின் சூட்டிலேயே கிடக்கும். ஆனால் சில நாளில், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, நான் திரும்பிப் பார்க்கும்போது அந்தச் செம்பின் வெளிப்பக்கம் முழுக்க வியர்த்திருக்கும். இதுவரை நாலு தரம். வெப்பமானி மேசை லாச்சிக்குள், கைக்கெட்டின தூரத்தில் கிடக்கிறது. எடுத்து வைத்தால் பத்திலொரு பங்குக்குத் தெரிந்துவிடும். நான் எடுப்பதில்லை. செம்பைத் தொடுவதுமில்லை. மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, துளி வழிந்து மேசையில் விழுகிற சத்தம் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன்.